பின்சந்தில் எரிந்த பாய்லர்

சாய ஆலைக்குள் நுழைந்ததும் அவள் அண்ணாந்து புகைபோக்கியைத்தான் முதலில் பார்ப்பாள். அதனால் 'புகைக்காரி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். சுற்றுச்சூழல் பொறியாளராக அவளை அங்கே சேர்த்துவிட்டவர் அக்காவின் கணவர். ஆலைக்கு அவர்தான் மேலாளர்.

வந்த வேகத்தில் நீராவிக் குழாய்களின் ஒழுக்கையெல்லாம் அடைத்தாள். சாக்கடைக்கு ஓடிய வெந்நீரைத் திருப்பி பாய்லருக்கே அனுப்பினாள். பாய்லர் ஆட்களோடு நின்று கரி வாரிப் போட்டு, தீயின் நிறம் பார்த்துக் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் பழக்கினாள். முதலாளியிடம் மல்லுக்கு நின்று, கடைசியில் நிலக்கரி பாய்லரையே கழற்றவைத்து கேஸ் பாய்லரைக் கொண்டுவந்தாள். கழற்றியது பழைய இரும்புக்குப் போய்விட்டது என்றார் மாமா. கரிப்புகை பாதிக்குமேல் குறைந்ததாக ஆலை ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தது. பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் கேஸ் பாய்லரைப் பழுதுபார்க்க நிறுத்தியிருந்தாள். ஆனால் சாயத் தொட்டிகளில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

நீராவிக் குழாயருகே கையைக் கொண்டுபோனாள், அனல் அடித்தது. குழாய் போன வழியே நடந்தாள். அது பின்சுவரைத் துளைத்து, பின்சந்தைத் தாண்டி, ஒரு தகரக் கொட்டகைக்குள் போனது. உள்ளே அவள் கழற்றச் சொன்ன அதே பாய்லர். அவள் பழக்கிய அதே ஆட்கள்.

யாரும் நிமிரவில்லை. அவர்களில் மூத்தவர்தான் வாயைத் திறந்தார். "நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதான் ஓட்டுறோம் மேடம். கரி ரொம்ப செலவாகறதில்ல."

செருப்பால் அடித்தது போலிருந்தது. நேரே மாமாவின் அறைக்குப் போனாள்.

"அந்தக் கொட்டகை யாரோடது மாமா?"

"உங்க அக்கா பேர்ல இருக்கு, நீராவிக்கு ஆலை காசு கொடுக்குது. அங்க வர்ற புகை ஆலைக் கணக்குல சேராது. கேஸ் விலை கட்டுப்படியாகல, நான் என்ன பண்ண?"

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவ சொல்லித்தான் உன்கிட்ட மறைச்சோம். நீ சும்மா இருக்கமாட்டேன்னு அவளுக்குத் தெரியாதா?"

அடுத்த வாரம், புகை குறைந்த ஆலையில்தான் துணி வாங்குவோம் என்ற கம்பெனிக்காரர்கள் ஆலையைப் பார்வையிட வந்தார்கள். மாமா கேஸ் பாய்லரைக் காட்டி முடித்ததும், "இன்னொண்ணும் இருக்கு, வாங்க" என்று அவள் அவர்களைச் சந்துக்குள் கூட்டிப்போனாள்.

ஆர்டர் போய்விடும் என்று ஆலைக்காரர்கள் கொட்டகையை மூடினார்கள். அவளையும் வேலையைவிட்டு அனுப்பினார்கள். அவள் பழக்கிய ஆட்களில் ஒருவர்கூட வாசல்வரை வரவில்லை.

மாலையில் அக்கா வீட்டுக்குப் போனாள்.

"எங்க வயித்துல அடிச்சிட்டு எந்த மூஞ்சியோட வந்தே?" என்றாள் அக்கா.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

அக்கா கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.