என் வண்டியில் கை வைத்த புது மாப்பிள்ளை

அறுபதுகளின் தொடக்கம். கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகுத் தரகு செய்துகொண்டிருந்தேன். மலைத் தோட்டங்களுக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில்தான் போவேன். வண்டி ஓட்டுவதில் எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இத்தனை காலம் கழித்து இதை எழுத உட்கார்ந்தாலும் கோபம் வருகிறது.

முதலில் என்னிடம் இருந்தது ஒரு சின்ன வண்டி. ஒருமுறை மனைவியைப் பின்னால் உட்கார வைத்து மலை ஏறியபோது, அது பாதி ஏற்றத்தில் திணறி நின்று பின்னால் உருண்டுவிட்டது. அவள் விழுந்து முழங்கை பெயர்ந்துபோனது. "இனிமே இதுல ஏறினா என்னன்னு கேளுங்க" என்றாள். அதற்குப் பிறகு எங்கே போனாலும் அவள் பஸ்ஸில், நான் வண்டியில். ஊரே சிரித்தது.

அவளை மறுபடி ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்றுதான் பெரிய வண்டி தேடினேன். ஒன்று சத்தம்தான் பெரிது, இழுக்கவில்லை. இன்னொன்று நன்றாக இழுத்தது, ஆனால் அது அதிர்ந்த அதிர்வில் பல்லெல்லாம் ஆடியது. கடைசியில் பக்கத்து வில்லிங்டன் தீவில், ஊர் மாறிப் போகிற அதிகாரி ஒருவர் விற்ற ஐந்நூறு சி.சி. வண்டி மனசுக்குப் பிடித்தது. இரண்டு பேரோடு மெதுவாக ஏறினாலும் மூச்சு வாங்காது.

ஒரே ஒரு தொல்லை. நான் குள்ளம், அது நெட்டை ஆளுக்குச் செய்த வண்டி. நானே ஸ்பானரோடு உட்கார்ந்தேன். ஹேண்டில்பாரை என் பக்கம் இழுத்தேன், சீட்டைத் தாழ்த்தினேன். அந்த வண்டியில் பின் பிரேக் இடது காலில். அந்தப் பெடலை நன்றாக உயர்த்தி, பாதத்தைத் தூக்காமலே பெருவிரலால் அழுத்துகிற மாதிரி வைத்தேன். கொஞ்சம் ஓட்டுவேன், நிறுத்தி ஒரு திருகு திருகுவேன், மறுபடி ஓட்டுவேன். இப்படியே ஒரு வாரம் போனது. என் செருப்பைப் போலப் பொருந்திய பிறகுதான் அவளைக் கூப்பிட்டேன். யோசித்து யோசித்து ஏறினாள். தோப்பும்படிப் பாலம் வரை போய்வந்தோம். இறங்கும்போது "இது பரவால்ல" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் அவள் தம்பிக்கு நிக்காஹ் வந்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சொந்தத்தில் யாரிடம் நல்ல வண்டி இருக்கிறதோ அவர் அதை மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். மாட்டேன் என்றால் ஆயுசுக்கும் பேச்சுதான். கொடுத்தேன். மறுநாள் காலையில் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார்கள். பூச்சரத்தைக்கூட அவிழ்க்கவில்லை.

அன்று மதியம் மாமனார் வீட்டில் விருந்து. மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பஜார் ரோட்டில் சுக்கு மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று குறுக்கே வந்தது. வழக்கம்போலக் கால் விரலை அழுத்தினேன். அங்கே பெடல் இல்லை! யா அல்லாஹ்! காலால் துழாவுகிறேன், சிக்கவில்லை. முன் பிரேக்கோ பேருக்குத்தான். ஒரு பண்டகசாலை வாசலில் காலிச் சாக்குகளைக் குவித்து வைத்திருந்தார்கள். வண்டியை அதன்மேல் விட்டேன். இரண்டு பேரும் சாக்கில் போய் விழுந்தோம்.

"கண்ணு காணுன்னில்லேடோ?" கண் தெரியவில்லையா என்று கைவண்டிக்காரர் மலையாளத்தில் கத்தினார். அவர் கத்தாமல் என்ன செய்வார்? அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வண்டி இருந்த பக்கமே திரும்பவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குனிந்து பார்த்தால், பெடலை அடியோடு இறக்கி முறுக்கியிருக்கிறார்கள். ஹேண்டில்பாரையும் திருப்பிய கீறல் தெரிந்தது. அதை மட்டும் பழைய இடத்தில் வைத்துவிட்டு, உயிர் போகிற பிரேக்கை மறந்துவிட்டார்கள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

வண்டியைத் தள்ளிக்கொண்டே மாமனார் வீட்டுக்குப் போனோம். பந்தலில் புது மாப்பிள்ளை சாயா குடித்துக்கொண்டிருந்தான். கேட்டேன்.

"ஓ, அதா மச்சான்? என் பூட்ஸ் தட்டுச்சு. கூட வந்த கூட்டுகாரன் எறக்கி வச்சான். கம்பெனிக்காரன் வச்ச எடம் அதுதானே? பின்னே, உங்க காலை அளந்தா அவன் வண்டி செய்வான்?"

பந்தலே சிரித்தது. மாமனார், "கல்யாண வீடு, விட்டுருங்க" என்றார். என்ன அநியாயம் பாருங்கள்! தப்புச் செய்தவன் சிரிப்பானாம், விழுந்தவன் விட்டுவிட வேண்டுமாம்!

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முன்னால் வந்துவிட்டாள். தம்பியை ஒருநாளும் அதட்டியறியாதவள்.

"பின்னால இருந்தது நான்டா. எனக்காக அவரு பார்த்துப் பார்த்து வச்ச பெடல் அது. சொல்லாம எறக்கிட்டு இளிக்கிறியா? சாயாவைக் கீழ வை. ஸ்பானரை எடு."

"அக்கா, புது வேட்டி..."

"வேட்டியைத் துவைச்சுக்கலாம். நாங்க செத்துருந்தா?"

சிரிப்பு சட்டென்று நின்றது. அவன் குந்தி உட்கார்ந்து முறுக்கினான். நான் காலை வைத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று வேண்டுமென்றே நேரம் எடுத்தேன். வேட்டியெல்லாம் கிரீஸ். நன்றாக வேண்டும்!

சரியானதும், நான் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே அவள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "ஒரு சுத்து போய்ப் பார்த்துட்டு வந்து சாப்பிடலாம், எடுங்க" என்றாள்.

அவன் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை, என் கோபமும் ஆறவில்லை. ஆனால் விழுந்த அன்றே என்னை நம்பி மறுபடி ஏறியவளை நினைக்கும்போதெல்லாம், அந்த வண்டிக்காக நான் பட்ட பாடு ஒன்றும் வீணாகவில்லை என்று தோன்றுகிறது.