வேலம்மாவின் வயிறும் சன்னாசியின் நேர்த்திக்கடனும்

கோலா சிலாங்கூரில் சன்னாசியைத் தெரியாத மீன் இருக்க முடியாது. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய காலத்திலிருந்தே, விடிந்ததும் பாசிர் பெனம்பாங் மீன் சந்தையில் போய் நிற்பார். செவுளைத் தூக்கிப் பார்ப்பார், விலை கேட்பார், முகம் சுளிப்பார், கடைசியில் வாங்கிவிடுவார். மீனில்லாத சோற்றுக்கு அவர் வைத்த பெயர் மருந்து.

அப்படிப்பட்டவர், மனைவி வேலம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த அன்றே மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். கீமோ ஊசி எல்லாம் முடியும்வரை வீட்டில் கவுச்சி கிடையாது. முட்டைகூட இல்லை. ஆத்தாளுக்குக் கொடுக்க அவரிடம் அதைவிடப் பெரியது எதுவும் இருக்கவில்லை. வேலம்மாவை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

கஞ்சியும் கீரையுமாகப் போனது. பாலைக் கண்டால் வேலம்மாவுக்குக் குமட்டியது. பருப்பில் தகர ருசி. எடை மளமளவென்று இறங்கியது. இப்படியே இளைத்தால் அடுத்த ஊசியைத் தள்ளிவைக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லி, இருவரையும் உணவு ஆலோசகர் லோகேஸ்வரியிடம் அனுப்பினார்.

"முட்டை, மீன், கோழி ஏதாச்சும் சாப்பிடுறாங்களா அங்கிள்?"

"வீட்டுல கவுச்சி இல்லமா. ஆத்தாளுக்கு நேர்ந்திருக்கேன்."

"யாரு நேர்ந்தது?"

"நான்தான்."

"ஆமாமா, என் வயித்த அடமானம் வச்சி," என்றார் வேலம்மா.

லோகேஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சைவத்துலயும் சத்து இருக்கு அங்கிள். ஆனா இப்ப எது உள்ள இறங்குதோ அதக் குடுக்கணும். ஆன்ட்டி, எது சாப்பிடத் தோணுது?"

"மீனு. இஞ்சி போட்டு அவிச்சி, ஆறவச்சி." வேலம்மா யோசிக்கவே இல்லை.

சன்னாசி மனைவி பக்கம் திரும்பினார். "நேர்ந்தத ஒடச்சி உனக்கு ஏதும் ஆயிட்டா?"

"நேர்ந்தது நீங்க. நீங்களே இருங்க. நான் ஆத்தாகிட்ட வாயே தொறக்கலியே."

வீடு வரும்வரை யோசித்தும் அந்த வாதத்தில் ஓர் ஓட்டையை சன்னாசியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் வவ்வால் மீன் வந்தது. அரைவேக்காடு கூடாது என்று லோகேஸ்வரி சொல்லியிருந்தபடி சன்னாசியே நன்றாக அவித்து, வாடை அடங்க ஆறவைத்தார். உப்புப் பார்க்கத் தூக்கிய கரண்டி பாதி வழியில் நின்றது.

"உப்பு சரியா இருக்கா?"

"நீங்களே பாருங்க."

"வேலம்மா."

"சும்மா சொன்னேன் லா."

தட்டில் முள் மட்டும் மிஞ்சியது. எதிரே அமர்ந்து கீரையை மென்றபடி, அந்த முள்ளை சன்னாசி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து வந்த நாள்களிலும் அப்படித்தான். மீனோ முட்டையோ வேலம்மாவுக்கு, பார்ப்பது அவருக்கு.

அடுத்த முறை எடை பார்த்த லோகேஸ்வரி நிமிர்ந்தாள். "குறையல ஆன்ட்டி, கொஞ்சம் ஏறிக்கூட இருக்கு. எடை குறையலன்னா இன்னிக்கே ஊசி போடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

சன்னாசி பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"அவரையும் எடை மிஷின்ல ஏத்திப் பாருங்கமா," என்றார் வேலம்மா. "இப்ப எங்க வீட்டுல நோயாளி மாதிரி இருக்கிறது அவருதான்."

சன்னாசி செருப்பைக் கழற்றிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றார்.