லீவு போடாத மேஜை

எனக்குக் கோவையாக எழுத வராது. எங்கள் ஊர் மார்டள்ளிப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்ததோடு சரி. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவள். நடந்ததெல்லாம் முன்பின்னாகத்தான் ஞாபகம் வருகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மைசூரில் ரிங் ரோட்டைத் தாண்டி ஒரு சட்டைக் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்தேன். தைத்து வரும் சட்டைகளில் தொங்குகிற நூலை வெட்ட வேண்டும், கறை இருக்கிறதா, பட்டன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிசிறு வெட்டுவது என்போம். ஒரு நீள மேஜைக்கு எட்டோ ஒன்பதோ பேர், இரண்டு பக்கமும் நின்றுகொண்டே செய்வோம். காலையில் நின்றால் சாப்பாட்டு மணிக்குத்தான் உட்காருவது. எனக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது. சாயங்காலம் பஸ் படி ஏறும்போது யாராவது பின்னாலிருந்து தள்ளிவிட வேண்டும்.

எங்கள் மேஜையில் ஒரு பழக்கம் இருந்தது. ஒருத்திக்கு அன்றைக்குக் கை ஓடவில்லை என்றால், பக்கத்தில் நிற்கிறவள் பேசாமல் அவள் குவியலிலிருந்து ஒரு பிடிச் சட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். தலைவலியோ, வீட்டுக்குத் தூரமோ, புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாளோ, யாரும் கேட்பதில்லை. லீவு போட்டவளின் பங்கையும் அப்படித்தான் பிரித்துக்கொள்வோம். என் குவியலில் கை வைக்கிறவள் எனக்கு வலப்பக்கம் நின்ற, எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கௌதள்ளிக்காரி. முப்பது வயதுகூட இருக்காது. எங்கள் பக்கத்துப் பேச்சு பேசுவாள், என்னைப் பெரீம்மா என்பாள். மற்றவர்களுக்கு நான் அஜ்ஜி. கன்னடத்தில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவளுக்கு ஒரே பெண் குழந்தை. நான்கு வயது இருக்கும், அடிக்கடி வலிப்பு வரும். புருஷன் கட்டட வேலைக்கென்று போனவன் திரும்பவில்லை. மைசூரில் அக்ரஹாரம் என்கிற பகுதியில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தாள். பகலில் பக்கத்து வீட்டம்மாதான் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் மட்டும் இவள் லீவு போடுவாள்.

அப்போதுதான் கம்பெனிக்குப் புதிதாக ஒரு எச்.ஆர். மேடம் வந்தார். நல்ல பெண், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. எங்கள் கழிவறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போட வைத்தது அவர்தான். ஒரு நாள் நான் காலை மாற்றி மாற்றி நிற்பதைப் பார்த்து, "கால் நோவா அஜ்ஜி?" என்று கேட்டார். சிரித்துவைத்தேன்.

அடுத்த வாரம் எல்லோரையும் கூட்டி ஒரு புதுத் திட்டம் சொன்னார். எந்த மேஜையில் வாரம் முழுக்க ஒருவரும் லீவு போடவில்லையோ, அந்த மேஜைக்கு அடுத்த வாரம் பூரா நாற்காலி. உட்கார்ந்தே வேலை செய்யலாம். இது தண்டனை இல்லை, உங்களை உற்சாகப்படுத்தத்தான் என்றார். கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம்.

திங்கட்கிழமை காலையில் ஜெயித்த மேஜைக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். எங்களைத் தாண்டித்தான் போகும். எங்கள் மேஜைக்கு ஒரு வாரமும் வரவில்லை. எதிரே நின்றவள் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவளுக்கும் காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கும். அவள்தான் கௌதள்ளிக்காரியிடம் ஆரம்பித்தாள்.

"அஜ்ஜி மொழங்காலப் பாத்தியா? பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடக்கு. நீ நிம்மதியா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வா."

கௌதள்ளிக்காரி என் காலைப் பார்ப்பாள், தலையைக் குனிந்துகொள்வாள். என் காலை வைத்து அவளைக் குத்தினார்கள். அது எனக்கு வலியைவிடப் பெரிதாக இருந்தது.

பிறகு அவள் குவியலிலிருந்து யாரும் இழுக்கவில்லை. கொஞ்ச நாளில் யார் குவியலிலிருந்தும் யாரும் இழுக்கவில்லை. குவியலுக்குக் குவியல் தண்ணீர் பாட்டிலை நிறுத்தி எல்லை கட்டினார்கள். லீவு குறைந்தது. ஜுரத்தோடும் பல்வலியோடும் வந்து நின்றார்கள். ஆனால் மேஜையில் சட்டை தேங்கியது. மேடம் வந்து, "எல்லாரும் வர்றீங்க, வேலை மட்டும் ஏன் பின்னால போகுது?" என்றார். எங்களுக்கே அப்போது புரியவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை வரை எங்கள் மேஜையில் ஒருவரும் லீவு போடவில்லை. மத்தியானத்துக்கு மேல் வாசல் செக்யூரிட்டி உள்ளே வந்தார். எங்கள் போன்களெல்லாம் வாசலில் அவரிடம்தான் இருக்கும். கௌதள்ளிக்காரியிடம், "பக்கத்து வீட்டம்மா போன் பண்ணாங்க. பாப்பாவுக்கு ஜொரமாம், தூக்கித் தூக்கிப் போடுதாம்" என்றார்.

அவள் சூப்பர்வைசரைப் பார்த்தாள். அவர், "போறதுன்னா போம்மா, நான் தடுக்கல. அரை நாள் லீவு எழுதிக்கறேன்" என்றார்.

"ஹூம், போ போ. ஆரு புடிச்சா?" என்றாள் எதிரே நின்றவள். "நேத்து எனக்கும் ஜொரந்தான். பல்லக் கடிச்சிட்டு நிக்கல?"

நான் எப்படியோ வாயைத் திறந்தேன். "நீ போ கண்ணு. எனக்கு நாற்காலி வேண்டாம்."

"அடேயப்பா, அஜ்ஜிக்கு வாய் இருக்குது பாருங்கடி! உங்களுக்கு வேண்டாம்னா எனக்குக் குடுங்க. நான் ரெண்டு போட்டுப் படுத்துக்கறேன்."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கௌதள்ளிக்காரியும் சிரித்தாள். செக்யூரிட்டியிடம், "அலமாரில மருந்து இருக்குதுங்க, ஊத்தச் சொல்லுங்க" என்றாள். என் பக்கம் திரும்பி, "மருந்து ஊத்துனா அடங்கீரும் பெரீம்மா. எப்பவும் அப்படித்தானுங்க. இன்னும் ரெண்டு மணி நேரந்தான" என்றாள்.

நூலோடு சேர்த்து ஒரு சட்டைக் காலரையும் வெட்டிவிட்டாள். நான் பாட்டிலை நகர்த்தி, அவள் குவியலில் ஒரு பிடியை என் பக்கம் இழுத்தேன். மணி அடித்ததும் அவள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்காமல் ரோட்டுக்கு ஓடினாள்.

திங்கட்கிழமை எங்கள் மேஜைக்கு நாற்காலிகள் வந்தன. அவள் வரவில்லை. எதிரே நின்றவள் சூப்பர்வைசரிடம், "அவ பேர நம்ம மேஜையிலிருந்து எடுத்துட்டா இந்த வாரம் கெடாதில்ல சார்?" என்று கேட்டாள். கேட்டவள் அன்று முழுக்க உட்காரவே இல்லை. நான் உட்கார்ந்தேன். முழங்கால் இதையெல்லாம் யோசிக்காது.

மேடம் கம்பெனி வண்டியில் அவள் அறைக்குப் போய்ப் பார்த்தாராம். பூட்டியிருந்ததாம். அதற்கப்புறம் அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நாற்காலிகள் கேன்டீனுக்குப் போய்விட்டன.

குழந்தை ஞாயிற்றுக்கிழமையே ஆஸ்பத்திரியில் போய்விட்டது என்று ஒருத்தி சொன்னாள். இல்லை, பிழைத்துவிட்டது, பேச்சுத்தான் நின்றுபோயிற்று என்று இன்னொருத்தி சொன்னாள். கௌதள்ளி பஸ் ஸ்டாண்டில் அவளை இடுப்பில் பிள்ளையோடு பார்த்ததாகவும் ஒரு பேச்சு வந்தது. அது அந்தப் பிள்ளைதானா என்று கேட்டால் தெரியவில்லை என்கிறார்கள்.

கௌதள்ளிப் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் விசாரித்துச் சொல்லுங்கள். எங்கள் மேஜையில் நின்றவர்கள் படித்தால், நான் எழுதியதில் தப்பு இருக்கும் இடத்தைத் திருத்துங்கள். முக்கியமாக ஒன்று. செக்யூரிட்டி உள்ளே வந்தது டீக்குப் பிறகு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். டீ வந்தால், வீட்டு மணி அடிக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். இப்போது யோசித்தால், அப்போது டீயே வந்திருக்கவில்லை போலத் தோன்றுகிறது. அப்படியானால் அவள் அங்கே நின்றது இரண்டு மணி நேரத்துக்கும் அதிகம். அதை யாராவது சரியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும்.