பார்க்காமல் கொடுத்த குச்சி

கே.கே. நகரில் ஒரே தெருவில் ஐந்து வீடுகளுக்குத் தமிழ்ச்செல்விதான் தோட்டக்காரி. நாகமலை புதுக்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி, வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவாள். போர்வெல் தண்ணீரின் உப்பு இலைகளில் வெள்ளையாகப் படியும். அதைத் துடைக்க வேண்டும். மாடியில் பச்சை வலையை இழுத்துக் கட்ட வேண்டும். ஐப்பசி மழை தொட்டியில் தேங்கினால் அடைத்த துளையைக் குத்திவிட வேண்டும். எந்த வீட்டில் எந்தச் செடிக்கு மாவுப்பூச்சி என்று வீட்டுக்காரர்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஐந்தில் அவள் உரிமையாக நுழைந்தது ஹெப்சிபா டீச்சர் வீட்டில் மட்டும். மிஷன் பள்ளியில் முப்பது வருடம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். மகன் சென்னையில் இருந்ததால் டீச்சருக்குப் பேச்சுத்துணையும் தமிழ்ச்செல்விதான்.

தமிழ்ச்செல்விக்கு ஒரு நம்பிக்கை. கேட்டு வாங்கிய செடிக்குச்சி வேர் பிடிக்காது. உடையவர் அறியாமல் ஒடித்ததுதான் பிடிக்கும். ஆனால் டீச்சர் வீட்டில் தெரியாமல் ஒடிக்க மனசு வரவில்லை. முதல் வருடம் தயங்கித் தயங்கி இதைச் சொன்னதும் டீச்சர் சிரித்துவிட்டார்.

“இதெல்லாம் ஒரு நம்பிக்கையா? எங்க பாஸ்டர் காதுல விழுந்துச்சு, அம்புட்டுத்தான்.”

சொல்லிவிட்டு, வராந்தாச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். “நான் பாக்கலை. சீக்கிரம் ஒடி.”

ஒடித்ததும் இருவரும் சிரித்தார்கள். ஒன்பது வருடம் அப்படித்தான். “நான் பாக்கலை” என்றால் எடுத்துக்கொள் என்று அர்த்தம். மூன்றாம் வீட்டு சுபலட்சுமி பொத்திப் பொத்தி வளர்த்த மஞ்சள் அடுக்குச் செம்பருத்தி மேல் ஆசைப்பட்டது டீச்சரேதான். “அந்த மஞ்சள் நம்ம வீட்டுல பூத்தா எப்புடி இருக்கும் தமிழு?” என்றார். மறுவாரமே ஒரு குச்சி வந்து சேர்ந்தது. இந்த முறை உடையவர் உண்மையிலேயே பார்க்கவில்லை.

போன ஆடியில் மகன் இம்மானுவேல் ஊருக்கு வந்து, அம்மா தனியாக இருக்கிறாளே என்று வாசலில் கேமரா மாட்டினான். அடுத்த வாரம் ஐந்தாம் வீட்டில் நடுவதற்காக, டீச்சர் வாசலில் வளர்ந்துவிட்ட அதே மஞ்சள் செம்பருத்தியில் தமிழ்ச்செல்வி ஒரு குச்சி ஒடித்தாள். வழக்கம்போல் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு முந்தானைக்குள் வைத்தாள். கேமராவில் அது முழுசாக விழுந்தது. தூணுக்குப் பின்னால் முதுகைக் காட்டி நின்ற டீச்சர் படத்தில் விழவில்லை. இம்மானுவேல் அதைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டான்: “தோட்டக்காரி, உஷார்.”

புதன்கிழமை வந்தபோது முதல் வீட்டில் கேட்டைத் திறக்கவில்லை. சுபலட்சுமிதான் போனில் படத்தைக் காட்டினாள். தமிழ்ச்செல்விக்குச் சிரிப்பு வந்தது.

“அட, இதுதானாக்கா! வாங்க, டீச்சர்கிட்டயே கேட்டுருவோம்.”

டீச்சர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். பின்னால் மகன்.

“டீச்சர், உங்களுக்குத் தெரிஞ்சுதான் எடுத்தாளா?” என்றாள் சுபலட்சுமி. கேட்டவளின் கண் அந்த மஞ்சள் பூவின் மேல் போய் நின்றுவிட்டது.

டீச்சரும் பூவைப் பார்த்தார்.

“நான் பாக்கலைம்மா.”

அந்தச் சொல்லுக்குப் பின்னால் சிரிப்பு வரும் என்று தமிழ்ச்செல்வி காத்திருந்தாள். வரவில்லை. “பாத்தீங்களா?” என்றான் இம்மானுவேல், தெருவுக்கே கேட்கிற மாதிரி. மஞ்சள் செடி வந்த கதை அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் ஐந்து வீட்டு வேலையும் போயிருந்தது.

அவள் புருஷன் சோலை சோற்றைப் பிசைந்தபடி கேட்டான். “நீ ஒடிச்சதுக்குப் படம் இருக்கு. அவுக திரும்பி நின்னதுக்கு இருக்கா?”

“இல்ல.”

“அப்ப நீ களவாணிதான். போயி செடி வெட்டுற கத்தரியையாவது வாங்கிட்டு வா.”

கவாத்துக் கத்தரி டீச்சர் வீட்டில்தான் கிடந்தது. இரண்டு நாள் கழித்துப் போனாள். மகன் சென்னைக்குத் திரும்பியிருந்தான். டீச்சர் கத்தரியைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார்.

“சுபா எதுக்க நிக்கையில நான் என்னத்தைச் சொல்லுவேன் தமிழு? மஞ்சள் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டுருந்தா?”

“எனக்குந்தான் தெரியும் டீச்சர். நான் சொன்னனா?”

டீச்சர் மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

“நான் பாக்கலை. உனக்கு வேணுங்கிறத ஒடிச்சுக்க.”

தமிழ்ச்செல்வி கத்தரியைப் பைக்குள் போட்டாள். கேமராவை நிமிர்ந்து பார்த்து, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். பிறகு கேட்டைத் தாழ் போட்டுவிட்டு நடந்தாள். டீச்சர் எவ்வளவு நேரம் சுவரைப் பார்த்து நின்றாரோ தெரியாது.

இப்போது பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இரண்டு வீட்டில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே போன முதல் வாரமே வாசலில் நின்று, அக்கம்பக்கம் கேட்கக் கத்தினாள்: “அம்மா, நந்தியாவட்டையில ஒரு குச்சி எடுக்கட்டுமா?”

“எடுத்துக்கயேன், அதுக்கு எதுக்கு இம்புட்டுச் சத்தம்?” என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

எப்படியும் பட்டுப்போகும் என்றுதான் அதை வீட்டில் ஒரு தயிர் டப்பாவில் குத்தி வைத்தாள். மாதம் ஒன்று கழித்து இழுத்துப் பார்த்தபோது, அடியில் வெள்ளை நூலாக வேர்.

“கேட்டு வாங்குனதும் வேர் விடுதுய்யா” என்றாள் சோலையிடம்.

“அப்ப ஒம்பது வருசமும் கேட்டே வாங்கிருக்கலாம்ல?”

அவள் குச்சியைத் திரும்ப டப்பாவில் வைத்து, சுற்றிலும் மண்ணை அழுத்தினாள், தேவைக்கு மேலேயே.