சமத்துப் பிள்ளை

என் தங்கையை வீட்டில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சமத்து என்றுதான் கூப்பிடுவோம். அம்மா வைத்த செல்லப் பேர். என் வாயோடு மல்லுக்கட்டி அலுத்துப்போயிருந்த அம்மாவுக்கு, அழவே அழாத ஒன்று பிறந்ததும் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது பென்சிலைப் பிடுங்கிக்கொண்டால், "அவளுக்கும் எழுத வேணுமில்லக்கா" என்பாள். சண்டைக்குப் போவது நான்தான். வாயில்லாப் பூச்சி என்று அவளைத் திட்டிக்கொண்டே போவேன்.

அந்தப் பூச்சிக்குக் கிடைத்த வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். லிஃப்ட் கம்பெனியில் நாள் முழுக்கப் பேசும் வேலை. எங்கேயாவது லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர் மணியை அமுக்கினால், அவருக்குக் கேட்கும் குரல் இவளுடையது. "பயப்படாதீங்க சார், மெக்கானிக் கிளம்பிட்டார். நான் லைன்லயே இருக்கேன்." சிலர் கண்டபடி திட்டுவார்களாம். நானாக இருந்தால் அவர்களை உள்ளேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

"கத்தறவங்களப் பத்திக் கவலையே இல்லக்கா. தெம்பு இருக்கு, கத்தறாங்க," என்பாள். "கத்திட்டே இருந்தவங்க திடீர்னு பேசாம போனாதான் எனக்கு உயிரே போயிடும்."

அவளுக்குப் பெண் பிறந்தாள். பால் கொடுப்பது தானாக வந்துவிடும் என்று எல்லோரையும் போல நாங்களும் நினைத்தோம். வரவில்லை. குழந்தை வாயை வைக்கும், நழுவும், மறுபடி தேடும், வீறிட்டு அழும். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. வலி தாங்காமல் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு பால் கொடுத்தாள் என் தங்கை. பார்க்கச் சகிக்காமல் நான்தான் எழுந்து வெளியே போவேன்.

கதவில் தாய்ப்பால் ஆலோசகர் என்று பலகை மாட்டிய ஒரு மேடத்திடம் அழைத்துப் போனேன். அந்தம்மா குழந்தையின் வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"முதல்ல வலிக்கத்தான் செய்யும். வேற எதையும் வாயில வைக்காதீங்க. ஒரு தடவை பாட்டில் ருசி கண்டா அப்புறம் உங்ககிட்ட வரவே மாட்டா. தூங்கற குழந்தைய எழுப்பவும் கூடாது. வயிறு நிறைஞ்சாதானே தூங்கும்?"

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. சமத்து என் கையைப் பிடித்து அழுத்தினாள். சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

மேடம் சொன்னபடியே குழந்தை தூங்க ஆரம்பித்தது. வீறிடல் சிணுங்கலாயிற்று. பிறகு சிணுங்கலும் குறைந்தது. அவள் மாமியார் நல்ல மனுஷி, வாய் நிறையச் சிரித்தார். "என்ன சமத்து பாரேன்! அப்படியே அம்மாவ உரிச்சு வச்சிருக்கு."

ஒரு நாள் மதியம் நான் போனபோது சமத்து கட்டிலில் உட்கார்ந்து குழந்தையின் அரைத்துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் கட்டிய துணி. காய்ந்தே இருந்தது. மேடத்துக்குப் போன் போட்டாள்.

"நார்மல்தாம்மா. முதல் குழந்தைன்னா எல்லாருக்கும் வர்ற பயம்தான். கவலைப்படாதீங்க."

போனை வைத்துவிட்டுக் குழந்தையைப் பார்த்தாள்.

"அக்கா, அவங்க பேசறது நான் பேசற மாதிரியே இருக்கு."

"என்னடி உளறுற?"

"நானும் லிஃப்ட்ட பார்க்காமதானே பயப்படாதீங்கன்னு சொல்றேன்."

குனிந்து குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினாள். கண் திறக்கவில்லை. இன்னும் பலமாகச் சுண்டினாள். உதடு லேசாகக் கோணியது, சத்தம் வரவில்லை. அந்த உதடு வறண்டு வெடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"அக்கா, இவ பேசாம போயிட்டா," என்றாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார், "தூங்கறவள எழுப்பக்கூடாதுன்னு அந்த மேடம்..." என்று ஆரம்பித்தார்.

"வழிய விடுங்க அத்தை!"

அப்படியொரு குரல் அவளுக்குள் இருந்தது எனக்கே தெரியாது. செருப்புகூடப் போடாமல் குழந்தையோடு படியிறங்கி ஓடினாள். டாக்ஸிக்காரரை விரட்டினாள். ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காரச் சொன்னவரிடம், "என் குழந்தை முழிக்கல, டாக்டர கூப்பிடுங்க" என்று வராந்தாவே அதிரக் கத்தினாள். ஊரெல்லாம் சண்டை போட்ட எனக்கு அன்று வாய் திறக்கவில்லை. பின்னாலேயே ஓடினேன், அவ்வளவுதான்.

குழந்தை டாக்டர் தோலைக் கிள்ளிப் பார்த்தார். அந்தப் பிஞ்சுக் கையில் ஊசியை ஏற்றினார்கள். குழந்தை அழவில்லை. ஊசி குத்தியும் அழாத குழந்தையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"பாலே இறங்கல. உடம்புல தண்ணி வத்திப்போயிருக்கு," என்றார் டாக்டர். வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்து, "நாக்கு அடியில ஒட்டியிருக்கு. அதான் உறிஞ்ச முடியல."

"பொழைச்சிடுவாளா டாக்டர்?"

"பார்க்கலாம்," என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது?

பாலைப் பீய்ச்சச் சொன்னார்கள். வந்தது கொஞ்சம்தான். "போதலன்னா டின் பால் குடுக்கலாமாம்மா?" என்று நர்ஸ் கேட்டபோது, சமத்து பால் படிந்த கையோடு அவரைப் பிடித்துக்கொண்டாள். "எதையாவது குடுங்க சிஸ்டர். என்கிட்ட வராட்டி பரவால்ல. அவ இருந்தா போதும்." சொல்லிவிட்டு உடைந்து அழுதாள். நானும் அழுதேன்.

மறுநாள் காலை வரை பயம் எங்களை விட்டு இறங்கவில்லை. மார்பு ஏறி இறங்குகிறதா என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரத்தம் எடுக்க நர்ஸ் வந்து மறுபடி ஊசியைக் குத்தினார்.

குழந்தை முகம் சிவந்து, வாய் கோணி, வார்டே திரும்பிப் பார்க்கும்படி வீறிட்டது.

நர்ஸ் பதறிப்போய், "அச்சச்சோ, அழக்கூடாது கண்ணு, சமத்துல்ல?" என்று தட்டிக்கொடுத்தார்.

"அப்படிச் சொல்லாதீங்க சிஸ்டர்," என்றாள் என் தங்கை. "அவ சமத்து இல்ல."

பிறகு குனிந்து, அந்தச் சிவந்த காதருகே வாயை வைத்தாள்.

"கத்துடி செல்லம். இன்னும் நல்லா கத்து. அம்மா லைன்லயே இருக்கேன்."