கலியன் பார்த்துச் சொன்ன கல்

புனே போபோடியில் எங்கள் சந்து முழுக்கக் கலியனைத் திட்டித் தீர்த்தது. திட்டு வாங்க வேண்டியவன் நான். இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

கலியன் கோலார் தங்கவயலில் பிறந்தவர். அவருடைய அப்பா சுரங்கத் தூசியை நெஞ்சில் வாங்கி நாற்பத்தைந்து வயதில் செத்துப்போனார். இவரும் ஒன்பது வருஷம் பூமிக்கடியில் உழைத்துவிட்டு, போதுமடா சாமி என்று புனேக்கு வந்து தோட்டா ஃபேக்டரியில் சேர்ந்தார். அங்கே செம்பும் பித்தளையும் கையாண்டதில் உலோகம் அவருக்கு அத்துபடி. சந்தில் யாராவது பழைய பாத்திரம் விற்கப் போனால்கூட, "கலியன்கிட்ட காட்டிட்டுப் போ" என்பார்கள். அந்தப் பேர் ஒன்றுதான் அவர் சம்பாதித்த சொத்து. மற்றபடி ஒரு சைக்கிள் இருந்தது.

1995இல் ஊரெல்லாம் பங்கு வாங்கும் காய்ச்சல். நான் பிம்ப்ரியில் மருந்துக் கம்பெனி குமாஸ்தா. சாயங்காலங்களில் பங்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். ஃபாரத்துக்குப் பதினைந்து ரூபாய் கமிஷன். அப்போது ஹேமதுங்கா மினரல்ஸ் என்று ஒரு கம்பெனி கர்நாடகத்தில் தங்கமும் செம்பும் எடுக்கப் போவதாகப் பங்கு வெளியிட்டது. அதன் ஏஜெண்டு எங்கள் அம்மன் கோயில் கூட்டத்துக்கே வந்து, பாலைச் சுண்டக் காய்ச்சியதுபோல இந்தியில் பேசி, தேங்காய் அளவுக் கல் ஒன்றை வைத்தான். உங்கள் ஆளே பார்த்துச் சொல்லட்டும் என்றான்.

கலியன் ஒரு துண்டை உடைத்து இரும்பு உரலில் பொடித்தார். எவர்சில்வர் தட்டில் போட்டு, தண்ணீர் விட்டுச் சுழற்றிச் சுழற்றி வடித்தார். கடைசியில் தட்டின் ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கோடு நின்றது. ஊசியால் குத்தினார். நொறுங்கவில்லை, அமுங்கியது.

"பித்தள நெறத்துல ஒரு கல்லு உண்டு, அது குத்தனா ஒடஞ்சிடும். இது தங்கந்தாம்பா" என்றார். கல்லின் பச்சைக் கறையைக் காட்டி, "இது செம்பு" என்றார். இன்னொரு பக்கத்தில், குழாயை நெடுக்கப் பிளந்ததுபோல ஒரு பள்ளம். அதில் சுண்டுவிரலை வைத்துச் சிரித்தார். "வெடி வைக்கத் தொளச்ச குழி. வேல ஆரம்பிச்சிட்டானுங்க."

கம்பெனி அச்சடித்த இங்கிலீஷ் புத்தகம் என் கையில் இருந்தது. நாலாம் பக்கத்தில், பொடி எழுத்தில், சுரங்க உரிமம் இன்னும் கிடைக்கவில்லை, தோண்டும் வேலை தொடங்கவில்லை என்று போட்டிருந்தது. அதை நான் படித்திருந்தேன். தோண்டாத சுரங்கத்திலிருந்து துளை போட்ட கல் எப்படி வந்தது? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எனக்குத் தோன்றவில்லை என்றால் பொய். நாற்பத்திரண்டு ஃபாரம் நிரப்ப வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு மரியம்மாள், புருஷன் செத்து வந்த பி.எஃப். பணத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கலியனிடம்தான் போனாள். மகள் ஜான்சியை நர்ஸ் படிக்க வைக்க அவள் வைத்திருந்த பணம்.

"போடலாமாண்ணா?"

"கல்லு நெசம்மா. தைரியமா போடு."

மூன்றே வருஷத்தில் கம்பெனி காணாமல் போனது. அது கொடுத்திருந்த விலாசத்தில் ஒரு ஜூஸ் கடை இருந்தது. ஜான்சி பிம்ப்ரியில் அட்டைப்பெட்டி ஒட்டப் போனாள். மரியம்மாள் கலியனைத் திட்டவில்லை. அண்ணா என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அதன்பிறகு எந்தப் பாத்திரமும் அவரிடம் வரவில்லை.

2001இல் தங்கவயல் சுரங்கத்தை மூடினார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் கலியன் மிச்சக் கல்லைத் துண்டில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இளைத்துப் போயிருந்தார்.

"சுப்பையா, இந்தக் குழியப் பாரு. மிசின் போட்டதுன்னா வட்டமா இருக்கும். இது கோணலா இருக்குது. எங்கப்பா காலத்துல சுத்தியால அடிச்சித் தொளச்சது. ஏதோ பழைய சொரங்கத்துக் கல்லு. அந்தப் பொஸ்தகத்துல இன்னா போட்டிருந்தான்? தோண்டியாச்சின்னா, இனிமேதான்னா? இனிமேதான்னா, கல்லு நெசம், கம்பெனிதான் பொய். அது தெரிஞ்சா போதும்பா. என் கண்ணு தப்பு பண்ணலன்னு மரியம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுவேன்."

புத்தகம் அவர் உட்கார்ந்திருந்த கட்டிலுக்கடியில், என் டிரங்குப் பெட்டியில்தான் இருந்தது.

"ஞாபகமில்லண்ணே. அந்தப் பேப்பரெல்லாம் எப்பவோ எடைக்கு வாங்குற ரத்திக்காரன்கிட்ட போட்டாச்சு" என்றேன்.

கொஞ்ச நேரம் கல்லைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப என் கண்ணுதான் போல" என்று எழுந்து போனார்.

இரண்டு வருஷம் கழித்து அவரும் இருமி இருமியே செத்தார். எடுக்கும்போது மரியம்மாள் தலைமாட்டில் நின்று அழுதாள். ஐந்து வருஷமாக விட்டுப்போயிருந்த வார்த்தை அன்றைக்குத்தான் அவள் வாயில் திரும்பி வந்தது.

"கல்லு பாக்கத் தெரியலன்னாலும் அண்ணனுக்கு நல்ல மனசு. இல்லையா சுப்பையா?"

"ஆமாக்கா" என்றேன்.