கல்லு குத்துது

பிள்ளைகளா, உங்கள் தாத்தாவைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பது இரண்டே விஷயம்தான் என்று எனக்குத் தெரியும். ஒன்று, அவர் வாயிலிருந்து வந்த நாற்றம். மற்றது, "கல்லு குத்துது, கல்லு குத்துது" என்று அவர் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசிக் காலத்தில் அவருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நான்தான் உங்களுக்குச் சொன்னேன். அது பாதிதான் உண்மை. மீதியைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் வாய் வரவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்டவாளத்தை நாங்கள் கம்பிச்சடக்கு என்போம். அந்தக் கம்பிச்சடக்கில் கட்டைகளுக்கு அடியே சரளைக் கல்லைத் தள்ளி, இரும்புக் கம்பியால் குத்திக் குத்தி இறுக்குவது தாத்தாவின் வேலை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து விடியற்காலையில் கிளம்பும்போது, வேலைக்குப் போகிறேன் என்று சொல்ல மாட்டார். "கல்லு குத்தப் போறேன்" என்பார். நாங்கள் அதைக் கேட்டே வளர்ந்தவர்கள்.

ஓய்வு பெறும்போது அவருக்கு மேல்வரிசையில் நாலைந்து பல்தான் மிச்சம். மாடிக்கடை வைத்திருந்த ஒரு சீனரிடம் பல்செட்டு கட்டிக்கொண்டார். இரண்டு பக்கமும் சின்னக் கம்பி வைத்து, மிச்சமிருந்த பற்களில் மாட்டுகிற மாதிரி. தினமும் படுக்கப் போகுமுன் அதைக் கழற்றி, உப்புத் தண்ணீரில் அலசி, பீங்கான் கோப்பையில் போட்டு வைப்பார். என் அம்மா இறந்த பிறகு கிள்ளானுக்கு எங்களோடு வந்துவிட்டார். அப்போது நான் மேருவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள்.

வந்த கொஞ்ச நாளில் மறதி தொடங்கியது. செருப்பை எங்கேயோ விட்டுவிட்டு வெறுங்காலோடு வருவார். சாப்பிட்டாரா இல்லையா என்று அவருக்கே தெரியாது. ஒருமுறை பல்செட்டைக் காணோம். மூன்று நாள் தேடினோம். கடைசியில் சோப்புத்தூள் டின்னுக்குள் கிடந்தது. எனக்குக் கோபம். "இனிமே கழட்டாதீங்கப்பா. போட்டுக்கிட்டே படுங்க," என்று சொல்லிவிட்டேன். தலையை ஆட்டினார். வாழ்நாளெல்லாம் வேலையில் மேலே இருப்பவர் சொன்னதைக் கேட்டே பழகிய மனிதர். அன்றிலிருந்து கழற்றவில்லை. கழற்ற முடிகிற ஒன்று வாய்க்குள் இருக்கிறது என்பதையே பிறகு அவர் மறந்துபோனார். என் கதை அதைவிட மோசம். எனக்கு மறதி நோய் இல்லை, ஆனாலும் மறந்தேன்.

எத்தனை மாதம் அப்படிப் போனது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஐந்தாறு இருக்கும். பேச்சு குழறத் தொடங்கியது. அப்போதுதான் அந்தக் "கல்லு குத்துது" வந்தது. கையை முகத்துக்குக் கொண்டுபோவார், அதைச் சொல்வார், என்னையே பார்ப்பார். நான் என்ன நினைத்தேன்? பழைய வேலை மனசுக்குள் திரும்பிவிட்டது என்று நினைத்தேன். "சரிப்பா, குத்தி முடிச்சுட்டு வாங்க, தேத்தண்ணி குடிக்கலாம்," என்பேன். நீங்களும் "தாத்தா, ரயில் வருது, ஓரமா நில்லுங்க" என்று கத்துவீர்கள். அதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

பந்திங்கிலிருந்து உங்கள் மாமா தீபாவளிக்கு வந்திருந்தார். "மச்சான், கிழவரு இன்னும் ஓவர்டைம் பாக்குறாரு லா," என்றார். வீடே சிரித்தது. தாத்தா சிரிக்கவில்லை. முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, வாயில் வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

பிறகு சோறு வேண்டாம் என்றார். கஞ்சியும் பாதி வெளியே வழிந்தது. உங்கள் அம்மா என்னிடம் இரண்டு தடவை சொன்னாள், இந்த நாற்றம் சும்மா வருவதில்லை, வாய்க்குள் பாருங்கள் என்று. வயசானால் எல்லார் வாயும் அப்படித்தான் என்று அவள் வாயை அடைத்தேன். பெரியவள் நீ ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "தாத்தா பக்கத்துல உக்கார மாட்டேன்" என்றாய். உன்னை அறைந்தேன். வீட்டில் உண்மையைச் சொன்ன இரண்டு பேருக்கும் நான் கொடுத்தது அதுதான்.

காய்ச்சல் வந்து, கன்னம் ஒரு பக்கம் வீங்கிய பிறகுதான் வாடகைக் காரில் பல் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். டாக்டர் மலாய்க்காரர், இளைஞர். தாத்தா அவரைப் பார்த்தும் அதையே சொன்னார். என்ன சொல்கிறார் என்று டாக்டர் கேட்டார். கல்லுக்கு மலாயில் பாத்து. "பாத்து" என்கிறார், முன்பு ரயில்வேயில் வேலை செய்தவர், மூளை சரியில்லை என்று விளக்கினேன். லேசாகச் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

பக்கத்தில் தட்டு பிடித்து நின்ற உதவியாளர் அக்கா தமிழர். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணே, அவரு உதட்டப் பாருங்க. ரெண்டு உதடும் ஒட்டுதா?"

பார்த்தேன். ஒட்டவில்லை. மேல் ஈறு வீங்கி, பல்செட்டு கீழே தள்ளி, வாய் மூட முடியாமல் திறந்தே இருந்தது.

"உதடு ஒட்டாம 'ப' எப்படிண்ணே வரும்? அவரு கல்லுன்னு சொல்லல. பல்லு குத்துதுங்கிறாரு."

அப்போதுதான் குனிந்து அந்த வாய்க்குள் பார்த்தேன்.

பல்செட்டின் கம்பி ஒரு பக்கம் சதைக்குள் ஏறி, மேலே சதை மூடியிருந்தது. மரக்க ஊசி போட்டு எடுத்தார்கள். கூடவே சீழ் வந்தது. தாத்தாவின் இரண்டு கையையும் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். மறதி இதனால் வந்ததா என்று டாக்டரைக் கேட்டேன். மறதி முன்பே இருந்தது, ஆனால் வலியும் பட்டினியும் புண்ணும் சேர்ந்தால் வயசானவர் இன்னும் குழம்பிப் போவார், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். பல்செட்டு இல்லாவிட்டாலும் வாயைத் தினம் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். ஈரத் துணியை விரலில் சுற்றி ஈறைத் துடைக்க அந்த அக்கா எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

தினமும் துடைத்தேன். முதலில் விரலைக் கடித்தார், தலையைத் திருப்பினார். புண் ஆற ஆற, ஒரு பத்துப் பன்னிரண்டு நாள், கொஞ்சம் தெளிந்தார். கஞ்சியைத் தானே குடித்தார். என்னை அடையாளம் கண்டு, வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டார். இவ்வளவு நாளும் மனிதர் உள்ளேதான் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

ஒரு மத்தியானம் வாயைத் துடைத்து முடித்ததும் என் கையைப் பிடித்தார்.

"சொன்னேனேப்பா," என்றார்.

திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் மறுபடி மங்கிப்போனார். இந்த முறை வாயில் புண் இல்லை, குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் உடம்பில் சத்து இல்லை. சளி நெஞ்சில் இறங்கியது. ஒரு சனிக்கிழமை காலை, உங்கள் அம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது போய்விட்டார்.

உங்களைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அம்மா சொந்தக்காரர்களுக்குப் போன் பண்ணப் போனாள். இனிமேல் ஆட்கள் வருவார்கள், குளிப்பாட்டுவார்கள், ஒவ்வொருவராக அந்த வாயில் அரிசி போடுவார்கள். நான் அறைக்கதவைச் சாத்தினேன். துணியை நனைத்து விரலில் சுற்றி, மேல் ஈறு, கீழ் ஈறு, கன்னத்தின் உட்பக்கம், நாக்கு என்று துடைத்தேன். துணியை அலசிப் பிழிந்து, இன்னொரு தடவை துடைத்தேன்.